பூட்டு இருக்கட்டும், சாவி யாரிடம்?



கடந்த மாதம் நடைபெற்ற பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு தந்தை எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "பிள்ளைகளுக்குக் கணினியைப் பயன்படுத்தச் சொல்லிக்கொடுங்கள் என்று அனுப்பினால், வாத்தியார் கணினியைக் கழற்றிக் கெடுக்கச் சொல்லிக்கொடுக்கிறாராமே?" கூட்டம் சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அமர்ந்துகொண்டேன். உணவு ஆறிக்கொண்டிருந்த வேளையில் விளக்கம் சொல்ல மனம் வரவில்லை.

ஆனால், அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு தவறான எண்ணமும் இருக்கிறது. நியாயத்தை ஒப்புக்கொள்ளவும் தவறான எண்ணத்தை மறுக்கவுமே இந்தப் பதிவு.

நடந்தது என்ன?

ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன். தந்தை லாரி ஓட்டுநர். அக்காள் மேற்படிப்புக்குச் சென்றபோது விட்டுச்சென்ற சிறிய மடிக்கணினி ஒன்று வீட்டில் இருந்தது. 11 அங்குலத் திரை. 2012ஆம் ஆண்டில் வாங்கியது. ஒருநாள் அதில் கம்பியில்லா இணையம் நின்றுபோனது. பட்டணத்துக் கடையொன்றில் காட்டினார்கள். "தாய்ப்பலகை போய்விட்டது, மாற்றுவதற்குப் புதிதே வாங்கலாம்" என்று சொல்லிவிட்டார்கள். பையன் அதை என்னிடம் கொண்டுவந்தான்.

திருப்புளியால் அடிமூடியைக் கழற்றிப் பார்த்தோம். தாய்ப்பலகைக்கு ஒன்றுமில்லை. தீப்பெட்டியில் பாதி அளவேயுள்ள கம்பியில்லா இணைய அட்டை மட்டும் செத்திருந்தது. பழைய பொருள் விற்பவரிடம் 25 வெள்ளிக்கு இண்டெல் அட்டை ஒன்று வாங்கிச் செருகினோம். மின்விசையை அழுத்தினோம். கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் தோன்றியது. அனுமதிக்கப்படாத அட்டை செருகப்பட்டுள்ளது. அதை அகற்றிவிட்டு மீண்டும் தொடங்குக என்பது அதன் பொருள். அவ்வளவுதான். கணினி அதற்கு மேல் ஓர் அடியும் நகரவில்லை.

அட்டையில் பழுது இல்லை. வேறொரு கணினியில் அதே அட்டை உடனே வேலை செய்தது. மடிக்கணினியிலும் பழுது இல்லை. இரண்டும் நலமாக இருக்க, இரண்டையும் சேரவிடாமல் தடுத்தது எது? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடங்கொடுக்கமாட்டார் என்பார்களே, அந்தப் பூசாரிதான் பயாஸ்.

பயாஸ் என்பது யாது?

கணினியை முடுக்கியவுடன் முதலில் கண் விழிப்பது விண்டோசு அன்று. தாய்ப்பலகையில் ஒட்டியிருக்கும் எட்டுக் கால் சில்லு ஒன்றில் எழுதப்பட்டுள்ள சிறு நிரல்தான் முதலில் எழுகிறது. நினைவகம், விசைப்பலகை, திரை, வன்தட்டு ஆகியவற்றைச் சரிபார்த்து ஆயத்தப்படுத்திய பின்னரே அது இயங்குதளத்திடம் பொறுப்பை ஒப்படைக்கும். வன்பொருளும் அன்று, நாம் நாளும் மாற்றும் மென்பொருளும் அன்று. இடையில் நிற்பதால் இதனை நிலைபொருள் என்கிறோம். இக்காலக் கணினிகளில் யூஇஎப்ஐ என்னும் புதிய முறை வந்துவிட்டது என்றாலும் வழக்கில் பயாஸ் என்றே சொல்கிறோம்.

இந்தச் சில்லுக்குள் சில நிறுவனங்கள் ஒரு பட்டியலையும் எழுதி வைத்தன. ஒவ்வோர் இணைய அட்டைக்கும் அடையாள எண்கள் உண்டு. ஆக்கிய நிறுவனத்துக்கு ஓர் எண், அட்டையின் வகைக்கு ஓர் எண். இண்டெல்லின் எண் 8086. 1978இல் அந்நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற செயலியின் பெயரே அது. இவற்றோடு, அட்டையைத் தன் பெயரில் விற்கும் நிறுவனத்தைக் காட்டும் துணை எண்களும் உண்டு. கணினி விழித்தெழும்போது பயாஸ் இந்த எண்களைப் படித்துப் பட்டியலோடு ஒப்பிடுகிறது. பட்டியலில் இல்லையென்றால் கதவடைப்பு.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். துணை எண்ணும் ஒப்பிடப்படும் கணினிகளில், ஒரே ஆலையில் செய்த ஒரே வகை அட்டைகளில் ஒன்று அனுமதிக்கப்படும்; மற்றொன்று மறுக்கப்படும். அதே சில்லு, அதே அலைவரிசை, அதே ஆற்றல். விற்றவர் பெயர் மட்டுமே வேறு.

நாங்கள் செய்தது

தந்தையிடம் முதலில் இசைவு பெற்றேன். கணினி இறந்தாலும் இறக்கலாம் என்று மறைக்காமல் சொன்னேன். "இப்போதும் அது பிணம்தானே ஐயா, செய்யுங்கள்" என்றார். பிறகு மூன்று சனிக்கிழமைகள், வகுப்பு முடிந்தபின், நான்கு மாணவர்கள் சூழ அமர்ந்து வேலை செய்தோம்.

முதற் சனிக்கிழமை படித்தல் மட்டுமே. மின்கலத்தையும் மின்னேற்றியையும் அகற்றினோம். எட்டுக் கால் சில்லின்மேல் ஒரு கவ்வியைப் பொருத்தி, சில்லு எழுதும் சிறு கருவியின் வழி வேறொரு கணினியோடு இணைத்தோம். பிளாஷ்ராம் என்னும் கட்டற்ற மென்பொருள் சில்லில் உள்ளதைப் படித்து ஒரு கோப்பாகத் தந்தது. அளவு 8,388,608 பைட்டுகள். ஒருமுறை படித்தால் போதாது. மூன்று முறை படித்தோம். முதலிரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. கவ்வி சற்றே விலகியிருந்தது. சரிசெய்து மீண்டும் படித்து, மூன்று படிகளும் எழுத்துப் பிசகாமல் ஒத்த பிறகே காப்புப்படி என்று ஏற்றுக்கொண்டோம். மூன்று இடங்களில் சேமித்தோம்.

இரண்டாம் சனிக்கிழமை அந்தக் கோப்புக்குள் தேடினோம். நிரற்கூறுகள் சுருக்கி அடைக்கப்பட்டிருந்தன. உரிய கருவியால் விரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அப்போது ஒரு மாணவி திரையைச் சுட்டிக் கூவினாள். எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையில் ஒரு சுழியம் விட்டு, கறுப்புத் திரையில் நாங்கள் பார்த்த அதே ஆங்கில வாக்கியம் அங்கே கிடந்தது. "ஐயா, இதை யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள்!"

அந்த ஒரு வாக்கியத்துக்காகவே மூன்று சனிக்கிழமைகளையும் கொடுக்கலாம். கணினி சொன்னது என்று அதுவரை அவள் நினைத்திருந்தாள். ஒரு மனிதர் எழுதியது என்று அன்று கண்டுகொண்டாள். மனிதர் எழுதியதை மனிதர் படிக்கலாம். தவறு என்று பட்டால் திருத்தலாம்.

வாக்கியம் இருந்த கூறிலேயே பட்டியலும் இருந்தது. அதில் ஓர் அட்டையின் எண்களை அழித்து, எங்கள் அட்டையின் எண்களை அதே இடத்தில், அதே நீளத்தில் எழுதினோம். மீண்டும் சுருக்கி அடைத்துச் சில்லில் எழுதினோம். மின்விசையை அழுத்தினோம். திரை இருண்டே கிடந்தது; விசிறி மட்டும் சுழன்றது. பையனின் முகம் சுருங்கிவிட்டது. உடனே காப்புப்படியை எழுதினோம். பழைய மறுப்பு வாக்கியத்தோடு கணினி உயிர் பெற்றது. அந்த மறுப்பைக் கண்டு நாங்கள் கைதட்டினோம் என்றால் நம்புவீர்களா?

மூன்றாம் சனிக்கிழமை பிழை தெரிந்தது. நிரற்கூறின் தலைப்பில் ஒரு சரிபார்ப்புத் தொகை உண்டு. உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் அத்தொகையும் மாறவேண்டும். அதை நாங்கள் திருத்தவில்லை. திருத்தி எழுதினோம். கணினி எழுந்தது, இணையம் கிடைத்தது. விண்டோசு 10க்கான பொது ஆதரவு 14 அக்டோபர் 2025இல் முடிந்துவிட்டதால், அதில் லினக்சு நிறுவிக் கொடுத்தோம். இதுதான் 'கணினியைக் கெடுத்த' கதை.

எழுப்பப்படும் மறுப்புகள்

1. "கெட்டுப்போனால் யார் பொறுப்பு?"

இதுதான் அந்தத் தந்தையின் கேள்வியில் இருந்த நியாயம். நான் கெடுத்திருக்கிறேன். 2009இல் என் சொந்தச் சிறு மடிக்கணினியின் பயாசை, காப்புப்படி எடுக்காமல், உயிரற்ற மின்கலத்தோடு புதுப்பிக்கத் தொடங்கினேன். பாதியில் மின்சாரம் போயிற்று. அதன்பின் அது விழிக்கவே இல்லை. குற்றம் முழுக்க என்னுடையது. இரண்டு ஆண்டுகள் அலமாரியில் கிடந்த அதனை, கவ்வியும் எழுதும் கருவியும் பற்றி அறிந்த பிறகு மீட்டேன். பாதி எழுதிய சில்லு செத்த சில்லு அன்று. மறுபடி எழுதக் காத்திருக்கும் சில்லு. ஆகவே ஆபத்து உண்டு என்பது உண்மை. அந்த ஆபத்தை முறையாகக் கையாள வழி உண்டு என்பதும் உண்மை. முதல் உண்மையை மட்டும் சொல்லிப் பிள்ளைகளை அச்சுறுத்துவது கல்வி ஆகாது.

2. "யுஎஸ்பியில் செருகும் அட்டை ஒன்று வாங்கினால் தீர்ந்ததே?"

தீரும். அவசரத்துக்கு நானும் அதைத்தான் முதலில் கொடுத்தேன். புத்தகப்பையில் இடிபட்டு மூன்றாம் வாரம் உடைந்தது. அது கிடக்கட்டும். வாசற்கதவை வேறொருவர் பூட்டி வைத்திருக்கையில் சன்னல் வழியே ஏறி வீட்டுக்குள் போகலாம்தான். போக முடிகிறது என்பதனால் கதவைப் பூட்டியது சரியாகிவிடுமா?

3. "காரணம் இல்லாமலா நிறுவனம் பூட்டும்?"

இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று வானலை விதி. வானலை பரப்பும் கருவிகளுக்குச் சான்றிதழ் வேண்டும். நம் நாட்டில் சிரிம் முத்திரையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். விதி தேவையே. ஆனால், அதே ஆண்டுகளில் அதே சந்தையில் விற்பனையான பல மடிக்கணினிகளில் இத்தகைய பட்டியல் இல்லை. பட்டியல் இல்லாமலும் விதிக்குட்பட்டு விற்க முடிந்தது என்றால், பட்டியலை விதியின் தலையில் கட்டுவது எங்ஙனம்? ஒரே வகை அட்டையைத் துணை எண் வேறு என்பதற்காக மறுப்பதை எந்த வானலை அறிவியல் நியாயப்படுத்தும்?

இரண்டாவது காரணம் பாதுகாப்பு. இதை நான் எள்ளி நகையாட மாட்டேன். 26 ஏப்ரல் 1999 அன்று சிஐஎச் என்னும் நச்சுநிரல் உலகெங்கும் வெடித்தது. வன்தட்டை அழித்ததோடு நில்லாமல், இயன்ற கணினிகளில் பயாஸ் சில்லையும் அழித்தது. செர்னோபில் நச்சுநிரல் என்று செய்தித்தாள்கள் எழுதியதை மூத்த ஆசிரியர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2018இல் லோசாக்சு என்னும் நச்சுநிரல் பயாஸ் சில்லுக்குள்ளேயே குடியேறி, வன்தட்டை மாற்றினாலும் போகாமல் இருந்ததை ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். ஆகவே பயாசுக்குப் பூட்டு வேண்டும். ஐயமில்லை.

ஆனால், பூட்டு வேண்டும் என்பதிலிருந்து சாவியை விற்றவனே வைத்துக்கொள்ளவேண்டும் என்பது எப்படிப் பிறக்கிறது? குரோம்புக் கணினிகளைப் பாருங்கள். நம் பள்ளிகள் பலவற்றுக்கும் 2010களில் வந்தவை அவை. அவற்றின் பழைய வகைகளில் தாய்ப்பலகையில் ஒரு திருகாணி உண்டு. அது இறுகியிருக்கும்வரை பயாசின்மேல் எவராலும் எழுத முடியாது. இணையத்தின் வழி வரும் நச்சுநிரலால் திருகாணியைக் கழற்ற முடியுமா? முடியாது. கையில் திருப்புளியோடு கணினியின் முன் அமர்ந்திருக்கும் உரிமையாளரால் முடியும். திருடனுக்கு அடைத்து, வீட்டுக்காரனுக்குத் திறக்கும் பூட்டு. பாதுகாப்பும் உரிமையும் ஒன்றையொன்று தின்னவேண்டியதில்லை என்பதற்கு ஒரு சிறு திருகாணியே சான்று.

இதற்கு மாறான போக்கும் உண்டு. 2013இல் தொடங்கி இண்டெல் செயலிகளில் பூட் கார்டு என்னும் முறை வந்தது. மடிக்கணினி நிறுவனம் அதனை முழுமையாக இயக்கிவிட்டால், அந்நிறுவனத்தின் கையொப்பம் இல்லாத பயாசோடு கணினி எழாது. அதற்குரிய அடையாளம் அழிக்க இயலாதபடி வன்பொருளிலேயே பொறிக்கப்படுகிறது. கவ்வி இருந்தும் பயனில்லை. காப்புப்படி இருந்தும் பயனில்லை. எங்கள் மாணவனின் கணினி 2012ஆம் ஆண்டினது என்பதால் தப்பித்தது. அவன் தம்பிக்கு நாளை வாங்கப்போகும் கணினி தப்பிக்குமா?

4. "சிறு பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு?"

நான் தமிழாசிரியன். என் தொழில் எழுத்தறிவித்தல். எழுத்தறிவு என்பது எழுதப்பட்டதை ஏற்றுக்கொள்ளும் பழக்கம் அன்று. எழுதப்பட்டதைப் படித்து ஆராயும் துணிவு.

வரலாற்றையும் நினைத்துப் பாருங்கள். 1981இல் ஐபிஎம் நிறுவனம் தன் தனிநபர் கணினியை வெளியிட்டபோது, அதன் பயாஸ் நிரல் முழுவதையும் தொழில்நுட்பக் கையேட்டில் அச்சிட்டே விற்றது. அதைப் பார்த்து எழுதிக்கொள்ள உரிமை இல்லை, ஆனால் படிக்கலாம். 1982இல் தோன்றிய காம்பேக் நிறுவனம் நேர்மையான ஒரு வழி கண்டது. ஒரு குழு பயாஸ் என்னென்ன செய்கிறது என்று மட்டும் குறித்துக் கொடுத்தது; அந்த நிரலைக் கண்ணாலும் பாராத வேறொரு குழு அக்குறிப்பைக் கொண்டு புதிதாக எழுதியது. 1984இல் பீனிக்சு நிறுவனம் தானும் அவ்வாறு எழுதிய பயாசை எல்லா உற்பத்தியாளர்களுக்கும் விற்கத் தொடங்கியது. அதன் பிறகே மலிவான கணினிகள் பெருகின. நம் வீடுகளுக்குக் கணினி வந்ததில் பயாசைப் படித்து ஆராய்ந்தவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

1999இல் அமெரிக்காவின் லாசு அலமோசு ஆய்வுக்கூடத்தில் ரான் மின்னிச் தொடங்கிய லினக்சுபயாஸ் திட்டம் 2008இல் கோர்பூட் எனப் பெயர் மாறியது. எவரும் படிக்கக்கூடிய திறந்த நிலைபொருள் அது. நான் மேலே சொன்ன குரோம்புக் கணினிகள் அதன்மீதுதான் எழுப்பப்பட்டவை. திறந்து வைத்தால் தொழில் அழியும் என்பவர்களுக்கு இதைவிட வேறு விடை வேண்டியதில்லை.

செய்யக்கூடாதவை

இதைப் படித்துவிட்டு எவரும் இன்றிரவே திருப்புளியைத் தேடவேண்டா. என் மாணவர்களுக்கு நான் விதித்த கட்டளைகள் இவை:

- பள்ளிக்கோ அரசுக்கோ உரிய கணினியில் கை வைக்காதே. உன்னுடையது, அல்லது உரிமையாளர் இசைந்தது மட்டுமே.
- காப்புப்படி ஒத்துவரும்வரை எதையும் எழுதாதே.
- இணையத்தில் கிடைக்கும் பிறர் பயாசை எழுதாதே. வரிசை எண், விண்டோசு உரிமக் குறியீடு போன்ற உன் கணினிக்கே உரியவை பல அந்தச் சில்லில் இருக்கும்.
- நீ திருத்திய கோப்பைப் பிறருக்குப் பரப்பாதே. நிரல் நிறுவனத்துடையது, நீ திருத்தியது உன் கணினிக்காக.
- மின்னழுத்தத்தைச் சரிபார். 3.3 வோல்ட்டு சில்லுகளும் உண்டு, 1.8 வோல்ட்டு சில்லுகளும் உண்டு. மலிவான எழுதும் கருவிகள் சில 5 வோல்ட்டு செலுத்திச் சில்லை வதைக்கும்.

இந்த ஐந்தும் பயாசுக்கு மட்டும் உரிய கட்டளைகளா? பிறர் பொருளைத் தொடாமை, செய்யுமுன் எண்ணுதல், சரிபார்த்தல் — நன்னெறிப் பாடத்தில் நாம் சொல்லிக்கொடுப்பவையே. இங்கே தவறினால் திரை உடனே இருண்டுவிடும் என்பதால், பாடம் மனத்தில் தங்குகிறது.

நாம் கேட்கவேண்டியவை

ஆசிரியர்களே, நம் பள்ளிக் கிடங்குகளில் எத்தனை கணினிகள் தூசி படிந்து கிடக்கின்றன! 2010களின் தொடக்கத்தில் 1மலேசியா திட்டத்தின் கீழ்க் குறைந்த வருமானக் குடும்பங்களுக்குச் சிறு மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. பெருந்தொற்றுக் காலத்தில் நன்கொடையாகவும் பல வந்தன. கொடுத்தவர்களுக்கு நன்றி. ஆனால், கணினியைப் பெறும்போது நாம் திரையின் அளவைக் கேட்கிறோம், நினைவகத்தைக் கேட்கிறோம், பூட்டைப் பற்றிக் கேட்பதில்லை. இனிக் கேட்போம். பயாசில் உதிரிப்பாகப் பட்டியல் உண்டா? உரிமையாளரே பயாசை மாற்ற வழி உண்டா? புதுப்பிப்புகள் எந்த ஆண்டோடு நிற்கும்? நின்ற பிறகு வேறு இயங்குதளம் நிறுவ முடியுமா? இந்த நான்கு கேள்விகளையும் பள்ளி வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் விலைப்புள்ளி கேட்கும்போதே எழுத்தில் கேட்கட்டும். ஒரு பள்ளி கேட்டால் விற்பவர் சிரிப்பார். ஐம்பது பள்ளிகள் கேட்டால் விடை தேடுவார்.

நிறுவனங்களிடமும் ஒன்று கேட்கவேண்டும். உத்தரவாதம் உள்ளவரை பூட்டி வையுங்கள், மறுக்கவில்லை. ஆதரவை நிறுத்தும் நாளில் சாவியை வாங்கியவரிடம் கொடுத்துவிடுங்கள். கைவிட்ட பிள்ளையைப் பிறர் வளர்க்கவும் விடமாட்டேன் என்பது அறமாகாது.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை பழைய கணினியைத் திறந்து பார்த்தால் உடனே அதட்டாதீர்கள். மின்னேற்றியைக் கழற்றிவிட்டானா என்று மட்டும் பாருங்கள். அதன்பின் அருகில் அமருங்கள். 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல நாணவேண்டா. நானும் அந்தச் சில்லின் முன் அவ்வாறே அமர்ந்திருந்தேன்.

கூட்டத்தில் கேள்வி கேட்ட அந்தத் தந்தைக்கு என் விடை இது: ஐயா, நாங்கள் கணினியைக் கெடுக்கவில்லை. பணம் கொடுத்து வாங்கிய ஒரு குடும்பத்திடம் அதைத் திருப்பிக் கொடுத்தோம். அடுத்த சனிக்கிழமை நீங்களும் வாருங்கள். உங்கள் வீட்டிலும் ஒன்று கிடக்கும், எடுத்து வாருங்கள். கோப்பி நான் வாங்கித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியன்